பிளஸ் 1 படிக்கும்போதே கல்லூரிக்கு எப்படித் தயாராவது?

ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள். முதல் குரூப், அதாவது கணிதமும் உயிரியலும், தமிழ் மீடியம். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுகிறார், வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. "எல்லாரும் மார்க் எடு, மார்க் எடு என்று மட்டும்தான் சொல்கிறார்கள். அதைத் தவிர இப்போதே நான் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா, இல்லை பிளஸ் 2 ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?" இதுதான் கேள்வி.

ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே கண்ணு. நான் 14 வருடமாக ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்துகிறேன், ஒவ்வொரு மே, ஜூன் மாதமும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இடம் ஒதுக்கும் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட உதவுகிறேன். நானும் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரிதான். இத்தனை வருடத்தில் நல்ல மார்க் எடுத்தும் கைக்கு வந்த இடத்தைத் தவறவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், நல்ல இடம் கிடைத்தும் முதல் செமஸ்டரிலேயே துவண்டுபோன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் மார்க் கிடையாது. ஒன்று காகித வேலை, மற்றொன்று தானாகப் படிக்கும் பழக்கம் இல்லாதது. இந்த இரண்டையும் சரிசெய்ய உனக்கு இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் கையில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. 2025-26 முதல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு இல்லை. உனக்கு அது நிம்மதியாக இருக்கும், எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் 1 புத்தகத்தைத் திறக்காமல் நேராகப் பிளஸ் 2 பாடத்தை இரண்டு வருடம் ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18ல் பிளஸ் 1 பொதுத்தேர்வையே கொண்டுவந்தார்கள், பிளஸ் 2-வின் மொத்த மதிப்பெண்ணும் 1200-லிருந்து 600 ஆனது. இப்போது தேர்வு போய்விட்டது என்பதற்காகப் பாடம் போய்விடவில்லை. உன் பிளஸ் 1 கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்துப் பார். அணிகள், வெக்டர், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு என்று வரிசையாக இருக்கும். பிளஸ் 2-வில் வருவது வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள். வகையிடலே வராதவர்கள் அதன் பயன்பாட்டை எப்படிச் செய்வார்கள்? மனப்பாடம் செய்வார்கள். அதே வகையிடலும் அணிகளும்தான் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் திரும்பவும் வரும், அங்கே மனப்பாடம் உதவாது. ஐஐடி, என்ஐடிக்கான ஜேஇஇ, மருத்துவத்துக்கான நீட் எழுதும் எண்ணம் இருந்தால் இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தத் தேர்வுகளில் ஏறக்குறைய பாதிப் பாடம் பிளஸ் 1-லிருந்துதான். ஆக இந்த வருடம் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை என்றாலும் இந்த வருடப் புத்தகத்தைத்தான் நீ நன்றாகப் படிக்க வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு பிளஸ் 2 கணிதத்தில் 97 எடுத்த ஒரு பெண் என் வகுப்புக்கு வந்தாள். முதல் வாரத்தில் பலகையில் ஒரு வளைவரையைப் போட்டு, "இந்தப் புள்ளியில் வகைக்கெழு பூஜ்ஜியம் என்றால் இந்த இடத்தில் கோடு எப்படிப் போகிறது என்று அர்த்தம்?" என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வகையிடச் சொன்னால் மடமடவென்று போடுவாள், அது எதற்கு என்று தெரியாது. முதல் இன்டர்னல் தேர்வில் 50-க்கு 14. அழுதுவிட்டாள். அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. புக் பேக் கேள்வி, போன ஐந்து வருடக் கேள்வித்தாள், ஐந்து மார்க்குக்கு இந்தக் கணக்கு கண்டிப்பாக வரும் என்று வட்டம் போட்ட பட்டியல், இவற்றோடு இரண்டு வருடம் ஓடியவள் அவள். யாரோ ஒருவர் முதலில் செய்துகாட்ட, அதைத் திரும்பச் செய்வதுதான் படிப்பு என்று ஆகிவிட்டது. கல்லூரியில் அப்படி யாரும் வட்டம் போட்டுத் தர மாட்டார்கள். ஒரு செமஸ்டர் என்பது நான்கு, நான்கரை மாதம், அதற்குள் ஐந்தாறு பாடம், ஒவ்வொன்றிலும் ஐந்து யூனிட். ஒருமுறை நடத்திவிட்டுப் போய்விடுவோம், மீதியை நீயேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நீ இப்போது செய்யக்கூடியது ரொம்பச் சின்ன வேலை. வாரத்துக்கு ஒரே ஒரு பாடப்பகுதியை, பள்ளியில் நடத்துவதற்கு முன்பாகவே, நீயாகப் படி. கணிதத்தில் எடுத்துக்காட்டுக் கணக்கு வரும்போது விடையை ஒரு காகிதத்தால் மூடிக்கொண்டு அரை மணி நேரம் முட்டிப் பார். வராது, முதல் சில தடவை கண்டிப்பாக வராது, பரவாயில்லை. அரை மணி நேரம் முட்டிய பிறகு விடையைப் பார்த்தால், "அட, இந்த இடத்தில்தான் விட்டேனா" என்று ஒரு வரியில் புரியும். அப்படிப் புரிந்தது மறக்காது. இயற்பியலிலும் இதேதான், ஒரு சமன்பாட்டைப் படித்தால் அதில் ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது, ஒன்று கூடினால் மற்றொன்று என்ன ஆகும் என்று உன் சொந்த வார்த்தையில் ஒரு நோட்டில் எழுது. புரியாததைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேள். கேட்கக் கூச்சமாக இருக்கும். நானும் பிளஸ் 2 முடியும்வரை வகுப்பில் கையைத் தூக்கியதே இல்லை, அதனால் கல்லூரியில் ஒரு வருடம் வீணானது.

ஆங்கிலம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் தமிழ் மீடியப் பிள்ளைகள் முதல் மூன்று மாதம் அடிவாங்குவது இங்கேதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்ல மாட்டேன். உன் இயற்பியல் புத்தகத்துக்கு ஆங்கில வழிப் பதிப்பு ஒன்று இருக்கிறது, அதே பாடம், அதே படங்கள், அதே கணக்குகள். அரசின் பாடநூல் இணையதளத்தில் இலவசமாகத் தரவிறக்கம் செய்யலாம், அல்லது பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் பிரிவில் இருக்கும் தோழியிடம் வாங்கிக்கொள்ளலாம். தமிழில் ஒரு பக்கத்தைப் படித்து முடித்த பிறகு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் படி. விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் வார்த்தைகள் தானாகப் பிடிபடும். முடுக்கம், உந்தம், விசை, தொகையீடு, இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். பிளஸ் 2 முடிக்கும்போது கல்லூரிப் புத்தகத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டாய். பேசுவது கல்லூரிக்கு வந்த பிறகு வரும், படிக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

சரி, இப்போது காகித வேலைக்கு வருகிறேன். இதை யாரும் பிளஸ் 1-ல் சொல்லித் தருவதில்லை.

உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கிறதா, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா, இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா? நம் ஊரில் இனிஷியல் பெரிய தொல்லை. ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஒன்றில் இருக்கவே இருக்காது. ஜேஇஇ, நீட் விண்ணப்பத்தில், வங்கிக் கணக்கில், உதவித்தொகையில் என்று எல்லா இடத்திலும் இது இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவது கடினம், ஆதாரை மாற்றுவது எளிது, ஆகவே ஆதாரைச் சான்றிதழுக்கு ஒத்துப்போகும்படி இப்போதே திருத்திவிடு. ரிசல்ட் வந்த வாரத்தில் ஆதார் மையத்தில் நிற்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன், அந்த வரிசையில் நீ நிற்க வேண்டாம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ். மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டியவை. சாதிச் சான்றிதழ் ஒருமுறை எடுத்தால் போதும். பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் ஆன்லைன் சான்றிதழாக எடுத்துக்கொள். வருமானச் சான்றிதழ் ஒரு வருடம்தான் செல்லும், அதனால் அதைப் பிளஸ் 2 படிக்கும் வருடத்தின் கடைசியில் எடு. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு உன் குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரி இல்லை என்று காட்ட வேண்டும், விசாரணை முடிந்து கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். என்ஐடி, ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்குப் போக நினைத்தால், நீ பிசி, எம்பிசி பிரிவாக இருந்தால், தமிழகச் சான்றிதழ் அங்கே போதாது. பிற்படுத்தப்பட்டோரில் வசதி வரம்பைத் தாண்டாதவர்களுக்கான ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் என்று தனியாக மத்திய அரசு வடிவத்தில் வாங்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் முன்கூட்டியே பார்த்துவிடு.

உனக்கு இருக்கும் மிகப் பெரிய உரிமையைப் பற்றி இப்போது சொல்கிறேன், இதைக் கவனமாகப் படி. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கவுன்சிலிங்கில் இவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியலே உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். தறி ஓட்டும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உன் அப்பாவிடம் சொல். நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போயிருந்தால் இது கிடைக்காமல் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளைத் தேடிவந்து "கட்டணமே வேண்டாம், எங்கள் பள்ளியில் பிளஸ் 2 படி" என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு பையன் அப்படிப் போனான். ஒரு தனியார் பள்ளி இரண்டு வருடம் இலவசமாகப் படிக்கவைத்தது, அவனும் நன்றாகவே படித்தான், கவுன்சிலிங் வந்தபோதுதான் 7.5 சதவீதம் போய்விட்டது என்று அவன் வீட்டுக்குத் தெரிந்தது. நான்கு வருடக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார்கள். உன்னை யாராவது கூப்பிட்டால் போகாதே. ஆறாம் வகுப்பிலிருந்து நீ படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று கேட்பார்கள், பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியில் இப்போதே போனபைடு சான்றிதழுக்குச் சொல்லிவை.

புதுமைப் பெண் திட்டம் தெரிந்திருக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கியது, ஆறு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரி முடியும்வரை மாதம் 1000 ரூபாய். அது நேராக உன் வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே உன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்துவை. உனக்குப் பின்னால் படித்து வரும் தம்பிகள் இருந்தால் அவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இதே தொகை உண்டு.

எந்தப் படிப்பு என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது, அது நல்லதுதான். முதல் குரூப் எடுத்த உனக்கு எந்தக் கதவும் மூடவில்லை. பொறியியல் கட்-ஆப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200-க்குக் கணக்கிடுவார்கள், கணிதம் முழுதாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 90 என்றால் 92 கூட்டல் 43 கூட்டல் 45, மொத்தம் 180. கணிதத்தில் ஒரு மார்க் என்பது இயற்பியலில் இரண்டு மார்க்குக்குச் சமம் என்பதை மட்டும் மனதில் வை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007-லேயே போய்விட்டது. உயிரியல் பக்கம் என்றால் நீட் மட்டும்தான் வழி என்று நினைக்காதே. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் படிப்புகள், கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்றவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் 2 மதிப்பெண்தான். கால்நடை மருத்துவத்தைப் பற்றி நிறையப் பிள்ளைகள் யோசிப்பதே இல்லை, எனக்கு அது வருத்தம். நீட்டுக்காக இரண்டு வருடம், மூன்று வருடம் வீட்டில் உட்கார்ந்து திரும்ப எழுதும் பெண்களையும் பார்க்கிறேன். ஒருமுறை முயற்சி செய், வேண்டுமானால் இன்னொரு முறை, அதற்கு மேல் உன் வயதைக் கொடுக்காதே என்பது என் கருத்து.

அறிவியலோ கணிதமோ உண்மையிலேயே பிடித்திருந்தால் அதற்கும் நல்ல இடங்கள் இருக்கின்றன. அறிவியல் படிப்புக்கான மத்திய அரசின் ஐசர் நிறுவனங்களுக்கு ஒரு தனி நுழைவுத்தேர்வு, சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்துக்கு அவர்களே நடத்தும் ஒரு தேர்வு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. திருவாரூரில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதுகூட க்யூட் வழியாகத்தான். ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டத்துக்கு ஜேஇஇ தேவையில்லை, அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தி ஒரு தகுதித் தேர்வு வைக்கிறார்கள், குறைந்த வருமானக் குடும்பத்துக்குக் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஜேஇஇ மெயின் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும், விண்ணப்பம் அதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடும், ஆகவே பிளஸ் 2 அரையாண்டுக்கு முன்பே உனக்கு இது நினைவிருக்க வேண்டும். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, ஆனால் பிளஸ் 2-வில் 75 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 65. கோச்சிங் போக வசதி இல்லையே என்று இதை எழுதாமல் விடாதே, எழுதிப் பார்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

கவுன்சிலிங்கைப் பற்றி இப்போது கொஞ்சம் சொல்லிவைக்கிறேன், விருப்பப் பட்டியல் போடும் நேரத்தில் திரும்பப் படி. பொறியியல் கவுன்சிலிங் 2018 முதல் ஆன்லைனில்தான். கல்லூரிகளையும் பிரிவுகளையும் உன் விருப்ப வரிசைப்படி பட்டியல் போட வேண்டும், எத்தனை வேண்டுமானாலும் போடலாம். கணினி உன் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும், உன் தரவரிசைக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதை ஒதுக்கும். ஆகவே "இது எனக்குக் கிடைக்காது, எதற்கு வீணாகப் போட வேண்டும்" என்று எதையும் விடாதே. கிடைக்காத இடத்தை மேலே போட்டதால் கீழே இருப்பது பறிபோகாது. இதை எத்தனை பெற்றோரிடம் எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, யாரோ சொன்னார்கள் என்று உனக்குப் பிடிக்காத ஒன்றை மேலே போடுவது. ஒதுக்கீடு வந்ததும், "ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே காலியானால் அங்கே போகிறேன்" என்று ஒரு வாய்ப்பு கொடுப்பார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், மேலே இருப்பது காலியானதும் தானாக அங்கே மாற்றிவிடுவார்கள், பழைய இடம் போய்விடும். ஆக ஒவ்வொரு வரியையும் போடும்போது, "இதற்குக் கீழே இருப்பதைவிட இது எனக்கு நிஜமாகவே வேண்டுமா" என்று கேட்டுக்கொள். ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்ய இரண்டே நாள்தான் இருக்கும். அந்த இரண்டு நாளில் போனில் டேட்டா இல்லை, ஊரில் இல்லை என்று இடத்தை விட்ட பிள்ளைகள் உண்டு.

போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தக் கட்-ஆப்போடு இடம் முடிந்தது என்பது கவுன்சிலிங் இணையதளத்திலேயே பிரிவு வாரியாகக் கிடைக்கும். அதைப் பார்க்கும்போது கட்-ஆப்பைவிட தரவரிசை எண்ணைப் பார். கணிதத் தாள் எளிதாக வந்த வருடத்தில் 185 என்பது சாதாரணம், கடினமாக வந்த வருடத்தில் அதே 185 பெரிய மதிப்பெண். தரவரிசை அவ்வளவாக ஏமாற்றாது. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன, பெயரைப் பார்த்துப் போடாமல் கவுன்சிலிங் கோடு எண்ணைப் பார்த்துப் போடு.

கல்லூரியா, பிரிவா என்று எல்லாரும் கேட்பார்கள். இப்போது எல்லாருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும், ஏஐ வேண்டும். என் கருத்து, உன் நிலையில் இருக்கும் பெண்ணுக்குக் கல்லூரிதான் முதலில். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடி, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி, உன் பக்கத்திலேயே ஈரோடு அரசுப் பொறியியல் கல்லூரி, இவற்றில் எலெக்ட்ரிக்கலோ எலெக்ட்ரானிக்ஸோ கிடைத்தால், பெயர் தெரியாத ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். நிரல் எழுதுவதை எந்தப் பிரிவில் இருந்தும் கற்றுக்கொள்ளலாம், கூடப் படிக்கும் பிள்ளைகளையும் ஆய்வகத்தையும் அப்படி வெளியிலிருந்து வாங்க முடியாது. ஒரு கல்லூரியைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அதன் விளம்பரப் பலகையைப் பார்க்காதே, ஒரு நாள் மாலை அந்தக் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் நின்று மூன்றாம் வருடப் பெண்களிடம் பேசு. எத்தனை பேருக்கு அரியர், அதாவது தேறாத பாடம், இருக்கிறது, ஆய்வகத்தில் நீங்களே கையால் செய்கிறீர்களா, ஆசிரியர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா என்று கேள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரிசல்ட் வந்த மறுநாளே உன் அப்பாவின் போனுக்கு அழைப்பு வரும். எப்படி எண் கிடைத்தது என்று தெரியாது, "கட்டணம் குறைவு, சீட் முடியப் போகிறது, இன்றே வந்து முன்பணம் கட்டுங்கள், சான்றிதழைக் கொண்டுவாருங்கள்" என்பார்கள். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் 7.5 சதவீதச் சலுகையும் கிடையாது, முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கிடையாது, இரண்டும் கவுன்சிலிங் வழியாகப் போனால்தான். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசி, ஏஐசிடிஇ இரண்டின் விதியும். ஆனால் நடைமுறையில் வாங்கிப் பூட்டிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. என் சித்தப்பா பெண்ணுக்கு அப்படி ஆகி, வேறு கல்லூரியில் கவுன்சிலிங் இடம் கிடைத்தும், மாற்றுச் சான்றிதழை வாங்க மூன்று வாரம் அலைந்தோம். கவுன்சிலிங் முடியும்வரை அசலை யாரிடமும் கொடுக்காதே, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்துக்கொள்.

கடைசியாக வீடு. நீ எழுதியதில் ஒரு வரி இருந்தது, "அப்பா பக்கத்தில் இருக்கும் காலேஜ்தான் என்கிறார்" என்று. உன் அப்பா சொல்வதில் தப்பில்லை, அவருக்குத் தெரியாத இடத்துக்குப் பெண்ணை அனுப்பப் பயம், செலவைப் பற்றியும் பயம். இதை ரிசல்ட் வந்த வாரத்தில் பேசினால் சண்டையாகத்தான் முடியும், இப்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கு. செலவு பயத்துக்கு 7.5 சதவீதத்தையும், மாதம் 1000 ரூபாயையும், கல்லூரி மாணவியருக்கு அரசு நடத்தும் ஆதிதிராவிடர் நல, பிற்பட்டோர் நல விடுதிகளையும் எழுதிக் காட்டு. அந்த விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். மற்றப் பயத்துக்கு ஒரே வழி நேரில் காட்டுவதுதான். தறிக்கு லீவு விடும் ஒரு நாளில் அப்பாவையும் அம்மாவையும் கோவைக்கோ சேலத்துக்கோ கூட்டிப்போய், கல்லூரி வாசலையும் பெண்கள் விடுதியையும் பார்க்கவை, அங்கே படிக்கும் உன் ஊர்ப் பக்கத்துப் பெண் யாராவது இருந்தால் அம்மாவோடு பேசவை. என் அப்பாவை என் கணித டீச்சர்தான் அப்படிக் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை, வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பெட்டி ஒன்று வாங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வாரம் ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எதில் என்ன வித்தியாசம் இருக்கிறது என்று எழுது, எந்த மையத்துக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்று சொல்கிறேன். விருப்பப் பட்டியல் போடும் நாள் வரும்போதும் எழுது, சேர்ந்து உட்கார்ந்து போடலாம்.